பாக்குத் தோப்புக்கு எத்தனை சென்சார் வேண்டும்? வாங்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக் கிழங்கு போடுகிற விவசாயிகளுக்குப் 'பாயிண்ட்' என்றால் விளக்கம் தேவையில்லை. ஆலையில் கிழங்கைத் தண்ணீரில் வைத்து எடை பார்த்து, மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் சொல்வார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து விலை முடிவாகிறது. பாயிண்ட் குறைந்திருந்தால், மீதிக் காட்டை இப்போதே பிடுங்குவதா, இன்னும் ஒரு மாதம் விடுவதா என்று வீடு திரும்பும் வழியிலேயே முடிவு எடுத்துவிடுவார்கள். அளப்பது ஒன்று, அதனால் எடுக்கிற முடிவும் ஒன்று.

இப்போது அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி வட்டாரங்களில் பாக்குத் தோப்புக்கும் மஞ்சள் காட்டுக்கும் சென்சார் கருவிகள் விற்க ஆட்கள் வருகிறார்கள். மண் ஈரம், மண் வெப்பம், காற்றின் ஈரப்பதம், வெயில், மழை, காற்று வேகம், இலை ஈரம் எல்லாம் செல்போனிலேயே தெரியும் என்கிறார்கள். அது உண்மைதான். தெரிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால்தான் பதில் தெளிவாக வருவதில்லை.

இதில் நாங்களும் தவறியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாக்குத் தோப்பில் செயல்விளக்கத்துக்காக ஐந்து வகைச் சென்சார்களைப் பொருத்தினோம். செல்போனில் வண்ண வண்ணமாகக் கோடுகள் ஓடின. மூன்று மாதம் கழித்துப் போனபோது, தினமும் தண்ணீர் கட்டுகிற அந்த வீட்டு அம்மா கேட்டார்: "இத்தனை கோடு ஓடுதுங்களே சார், நான் எதைப் பாத்து வால்வைத் திருப்பறதுங்க?" எங்களிடம் நேரான பதில் இல்லை. அவர் பழையபடி மண்ணைக் கிளறிப் பார்த்துத்தான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கருவியின் பேட்டரி எப்போது தீர்ந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் சென்சாரிலிருந்து ஆரம்பித்திருந்தோம். ஆரம்பித்திருக்க வேண்டியது அந்த அம்மாவின் கேள்வியிலிருந்து.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

ஒரு தாளில் நீங்கள் அடிக்கடி எடுக்கும், தவறினால் நஷ்டம் தரும் முடிவை ஒரே வரியில் எழுதுங்கள். போர்வெல் பாசனத்தில் பாக்கு வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நாளைக்கு மும்முனை மின்சாரம் வரும்போது எந்த வால்வைத் திறப்பது, எத்தனை நிமிடம் விடுவது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு விவரங்கள் போதும். வேர்ப்பகுதியில் ஈரம் எவ்வளவு இருக்கிறது, நேற்று நம் காட்டில் மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, அடுத்த இரண்டு நாளில் மழை வாய்ப்பு உண்டா, போர்வெல் எத்தனை நிமிடம் தண்ணீர் தரும். காற்று வேகமும் மண் வெப்பமும் இந்த முடிவை மாற்றப் போவதில்லை. விற்க வருபவரிடம் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் எண் ஏறினால் நான் என்ன செய்ய வேண்டும், இறங்கினால் என்ன செய்ய வேண்டும்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தச் சென்சார் வேண்டாம்.

எண்ணே இல்லாமல் முடிவை மட்டும் சொல்லும் கருவிக்கு நல்ல உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதம் காட்டும் கருவியில் நான்கு வண்ண விளக்குகள் உண்டு. இரண்டு கம்பிகளை மண்ணில் குத்தினால் ஒரு விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் நிறைய இருக்கிறது, பச்சை என்றால் போதுமானது, ஆரஞ்சு என்றால் குறைந்துவிட்டது, தண்ணீர் விடலாம். சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். கரும்புக்காகச் செய்த கருவி, மற்ற பயிர்களிலும் பயன்படுகிறது. விலை உயர்ந்த கருவிகளைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மண் ஈரத்துக்கு இரண்டு ஆழம் அவசியம்

செல்போனுக்குத் தகவல் அனுப்பும் நிலையான சென்சார் வைப்பதென்றால் ஒரே ஆழத்தில் வைப்பதில் பாதிப் பயன்தான். பாக்கு மரத்தின் தண்ணீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடிக்குள் இருக்கிறது. டிரிப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி, 20 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் 45 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் வையுங்கள். மேல் சென்சார் மரம் இன்று என்ன குடிக்கிறது என்று சொல்லும். கீழ் சென்சார் நேற்று விட்ட தண்ணீர் எங்கே போனது என்று சொல்லும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும் முறை இது. இரண்டும் காய்ந்திருந்தால் முழு நேரம் தண்ணீர் விடுங்கள். மேலே காய்ந்து கீழே ஈரமாக இருந்தால் பாதி நேரம் போதும், மழை வாய்ப்பு இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். மேலே ஈரம், கீழே காய்ந்திருக்கிறது என்றால் நீங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறீர்கள் என்று பொருள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடுதல் நேரம் விடுங்கள். இரண்டும் ஈரமென்றால் மோட்டாரைப் போட வேண்டாம். கீழ் சென்சார் எப்போதும் நனைந்தே இருந்தால் தண்ணீரோடு நீங்கள் போட்ட யூரியாவும் வேருக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

சென்சார் காட்டும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். நம் பக்கத்துச் செம்மண்ணில் சரளைக்கல் அதிகம். தொழிற்சாலையில் வேறு மண்ணுக்கு அளவு சரிபார்த்த கருவி இங்கே வேறு எண்ணைக் காட்டும். அதனால் உங்கள் மண்ணுக்கு நீங்களே அளவு குறிக்க வேண்டும். ஒரு நாள் நன்றாக நனையும்படி தண்ணீர் விட்டு, செம்மண்ணில் ஒரு முழு நாள், களிமண்ணில் இரண்டு நாள் கழித்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மண்ணின் நிறைவு அளவு. அதன் பிறகு தண்ணீர் விடாமல் தினமும் அதே ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிரத் தொடங்கும் நாளில் சென்சார் காட்டும் எண்தான் தண்ணீர் விட வேண்டிய அளவு. இந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மண்ணில் ஈரம் இருக்கும் பருவத்தில் இதைச் செய்துவிடுங்கள், கோடை உச்சத்தில் மரத்தை வாடவிட்டுப் பார்க்க வேண்டாம்.

டென்சியோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்க வேர் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை அது நேரடியாகக் காட்டும். மணற்பாங்கான மண்ணில் 20 முதல் 30 சென்டிபார், வண்டல் கலந்த மண்ணில் 30 முதல் 50 வந்தால் தண்ணீர் விடலாம். 80-ஐ நெருங்கினால் குழாய்க்குள் காற்று புகுந்து கருவி வேலை செய்யாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் மீண்டும் நிரப்ப வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் முள்கரண்டி போன்ற சென்சார்களைத் தவிர்த்துவிடுங்கள். மின்தடையை அளக்கும் வகை அது. மண்ணில் மின்சாரம் பாய்ந்து பாய்ந்து சில வாரங்களில் அரித்துப்போகும். உப்பு இருந்தாலும் ஈரம் அதிகம் என்று காட்டும்.

மழை: ஒரு தகர டப்பா போதும்

கோடை மழை ஊருக்கு ஊர் மாறும். அயோத்தியாப்பட்டணத்தில் கொட்டும், இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தூறலும் இருக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாநிலம் முழுவதும் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறது. வெப்பம், காற்று ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றுக்கு அந்த நிலையத்தின் அளவே உங்களுக்குப் போதும், தனியாக வாங்க வேண்டியதில்லை. மழையை மட்டும் உங்கள் காட்டிலேயே அளக்க வேண்டும்.

பக்கங்கள் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள ஒரு டப்பாவை, மரங்களிலிருந்து தள்ளித் திறந்த இடத்தில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு உள்ளே ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். வானிலைத் துறையும் தினசரி மழையை அந்த நேரத்துக்குத்தான் கணக்கெடுக்கிறது. டப்பாவின் வாய் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை, உயரம்தான் கணக்கு.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 10 மி.மீ. பெய்தால் 40,000 லிட்டர். 2.75 மீட்டர் இடைவெளியில் நட்ட பாக்கு ஏக்கருக்குச் சுமார் 535 மரம் வரும். கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 லிட்டர் வரை பரிந்துரை. 18 லிட்டர் என்று வைத்தால் ஏக்கருக்குத் தினம் ஏறக்குறைய 9,600 லிட்டர். அதாவது 10 மி.மீ. மழை கணக்குப்படி நான்கு நாள் தண்ணீர். இலையில் தங்குவதும் வழிந்தோடுவதும் போக, பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மோட்டாரை நிறுத்துங்கள். 3 மி.மீ.க்குக் கீழே பெய்ததைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

வரப்போகும் மழைக்கு 2019-ல் வந்த 'மேகதூத்' செயலியைப் பார்க்கலாம். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை அறிவுரை தமிழிலேயே கிடைக்கும். ஆனால் இரண்டு ஆழமும் காய்ந்திருக்கும்போது முன்னறிவிப்பை நம்பித் தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

உங்களிடம் ஏற்கனவே இருக்கும் சென்சார்

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஆம்பியர் மீட்டரும் ஒரு சென்சார்தான். போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரின் சுமை குறைந்து ஆம்பியர் விழும். உலர் ஓட்டத்தைத் தடுக்கும் ரிலே இருந்தால் அப்போது மோட்டார் தானாக நின்றுவிடும். மோட்டார் போட்டதிலிருந்து நிற்கும் வரை எத்தனை நிமிடம் என்று தினமும் குறித்து வாருங்கள். செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு, 'ஆன்', 'ஆஃப்' குறுஞ்செய்திகளின் நேரத்தைக் கழித்தாலே இது கிடைத்துவிடும். இவ்வகைக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கிவருகிறது. நடப்பு ஆண்டின் அளவை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே 200 லிட்டர் பேரல் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். மேலே சொன்ன 9,600 லிட்டருக்கு 96 நிமிடம் ஓட வேண்டும். மாசியில் மோட்டார் 60 நிமிடத்தில் நின்றுவிட்டால் கிடைப்பது 6,000 லிட்டர், மரத்துக்கு 11 லிட்டர்தான். இந்த நிலையில் எல்லா மரத்துக்கும் தினமும் 11 லிட்டர் விடுவதைவிட, தோப்பை இரண்டாகப் பிரித்து ஒரு நாள் ஒரு பாதிக்கு 22 லிட்டர் விட்டு, மூடாக்குப் போடுவது நல்லது. மேல்மண்ணில் ஆவியாகும் இழப்பு குறையும். சரளை மண்ணில் இது ஒத்துவருமா என்பதைக் கீழ் சென்சார் சொல்லிவிடும். கீழே மிதமிஞ்சி நனைந்தால் பழையபடி தினமும் விடுங்கள்.

ஒன்றுக்கு ஒன்று சாட்சி

பல சென்சார் வைப்பதில் உள்ள உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. எந்தக் கருவியும் ஒரு நாள் பொய் சொல்லும். ஒரே கருவி இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மோட்டார் ஓடாத இரவில் இரண்டு ஆழத்திலும் ஈரம் ஏறியிருக்கிறது, தானியங்கி மழைமானி மட்டும் பூஜ்யம் காட்டுகிறது என்றால் மழைமானியின் புனலில் இலையோ சிலந்தி வலையோ அடைத்திருக்கிறது. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியும் மேல் சென்சார் அசையவில்லை என்றால் லேட்டரல் குழாயை அணிலோ எலியோ கடித்திருக்கலாம், அல்லது ஃபில்டர் அடைத்திருக்கலாம். போய்ப் பாருங்கள். கீழ் சென்சார் முதலில் நனைந்து மேல் சென்சார் பிறகு நனைந்தால் கருவியைப் புதைத்த குழி சரியாக இறுகவில்லை, தண்ணீர் அதன் ஓரமாகவே இறங்குகிறது. உரத்தைச் சொட்டுநீரில் விட்ட அன்று மட்டும் ஈரம் திடீரென ஏறிக் காட்டினால் அது உரத்தின் உப்பு. இரண்டு நாள் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்று நாளாக ஒரே எண், தசமம்கூட மாறவில்லை என்றால் ஒயரையும் பேட்டரியையும் பாருங்கள்.

கருவி விற்பவரிடம் இந்தச் சோதனைகளை மென்பொருளிலேயே செய்து தரும்படி கேளுங்கள். பெரிய வேலை இல்லை. கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

செய்தி யாருக்கு, எப்போது?

வால்வைத் திருப்புபவர் யாரோ அவர் போனுக்குத்தான் செய்தி போக வேண்டும். பல வீடுகளில் கருவி வாங்கியவர் சேலத்தில் வேலையில் இருப்பார், தண்ணீர் கட்டுபவர் வீட்டில் இருப்பார். "வால்வு 2, நாளை 40 நிமிடம்" என்ற ஒரு வரி முந்தைய நாள் மாலையே வந்தால் போதும். எழுத்தைவிடக் குரல் அழைப்பு வசதி என்றால் அதையே கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் தேவையில்லாத நாளிலும் "நாளை வேண்டாம்" என்று செய்தி வர வேண்டும் என்பது என் கண்டிப்பான பரிந்துரை. அப்படி இருந்தால்தான், செய்தியே வராத நாள் கருவி கெட்டுப்போன நாள் என்று தெரியும். அன்று கையால் மண்ணைப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எல்லா முடிவுக்கும் நாளுக்கு ஒரு செய்தி என்பது பொருந்தாது. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் சித்திரை வெயிலில் வெப்பமும் காற்று ஈரமும் சேர்ந்து ஏறும்போது அரைமணி தாமதமும் கோழிகளைக் கொன்றுவிடும். அங்கே உடனே அலறும் மணி வேண்டும். பாக்குத் தோப்பில் அப்படி மணி அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு வாரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பயிருக்குப் பயிர் முடிவு மாறும்

நிலக்கடலையில் இலைப்புள்ளி நோய்க்கு எப்போது மருந்து அடிப்பது என்ற கேள்விக்கு மண் ஈரம் உதவாது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1960களிலேயே ஜென்சன், பாயில் என்ற இரு ஆய்வாளர்கள், காற்று ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றது, அப்போது குறைந்தபட்ச வெப்பம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் சேர்த்து நோய் பரவும் நாட்களைக் கணித்தார்கள். நாள் கணக்கு வைத்து மருந்து அடிப்பதற்குப் பதிலாக நோய்க்கு ஏற்ற நாளில் அடிப்பது என்ற வழக்கம் அங்கே அப்படித்தான் வளர்ந்தது. இதற்கு வட்டார வானிலை நிலையத்தின் அளவே பயன்படும்.

மரவள்ளிக்குத் திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'இ-கிராப்' என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. வயலில் நிற்கும் சென்சார்கள் தரும் வானிலை, மண் விவரங்களைப் பயிர் வளர்ச்சிக் கணக்கில் போட்டு, தண்ணீரும் சத்தும் எவ்வளவு தேவை என்று குறுஞ்செய்தியாக அனுப்பும். விவசாயி எண்களைப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஆனால் மாவுப்பூச்சி வந்ததை இவற்றில் எதுவும் சொல்லாது. மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் ஒட்டுண்ணிக் குளவிகள் வெளியிடப்பட்டன. எந்தக் காட்டில் நுனிக்குருத்து சுருண்டிருக்கிறது என்று பார்க்க வாரம் ஒருமுறை நடந்துதான் ஆக வேண்டும். பார்த்ததையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

தை மாதத்தில் எடுக்க வேண்டிய முடிவு

இதுவரை சொன்னது தினசரி முடிவு. அதைவிடப் பெரியது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 கோடையில் இந்தப் பக்கம் காய்ந்து நின்ற தோப்புகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாக்கு நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும். தக்காளிக்கும் மரத்துக்கும் சேர்த்து விட்ட தண்ணீர் பங்குனியில் தீர்ந்த பிறகு எந்தச் சென்சாரும் மரத்தைக் காப்பாற்றாது.

ஆந்திராவின் வறட்சி மாவட்டங்கள் ஏழில் 2000களில் நடந்த விவசாயிகளின் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டத்தில், விவசாயிகளே மழையையும் போர்வெல் நீர்மட்டத்தையும் அளந்து எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, இருக்கும் தண்ணீர் இவ்வளவு, போட நினைக்கும் பயிர்கள் கேட்பது இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். யாருக்கும் தடை விதிக்கவில்லை. கணக்கைப் பார்த்தபின் பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்தார்கள்.

உங்கள் நோட்டில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்த மழையும், தை முதல் வாரத்தில் மோட்டார் ஓடிய நிமிடங்களும் இருந்தால் அதே கணக்கை நீங்களும் போடலாம். போன ஆண்டு தையில் 120 நிமிடம் ஓடியது, இந்த ஆண்டு 80 என்றால், புதிதாகக் காய்கறி வைப்பதா, இருக்கும் மரத்துக்கு மட்டும் தண்ணீரை வைத்துக்கொள்வதா என்று நாற்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

சென்சார் வாங்க நினைப்பவர்கள் முதல் ஆண்டு டப்பா, பேரல், நோட்டு, கையால் உருட்டிப் பார்த்த மண் இவற்றோடு ஆரம்பியுங்கள். இரண்டாம் ஆண்டு இரண்டு ஆழத்துக்கு மண் ஈரச் சென்சார் சேர்க்கலாம். எழுதிய கேள்வித் தாளோடு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வந்தால், உங்கள் மண்ணுக்கு நிறைவு அளவு குறிப்பது எப்படி என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வரும்போது 20 செ.மீ., 45 செ.மீ. ஆழத்து மண்ணைத் தனித்தனிப் பையில் எடுத்து வாருங்கள்.